ஃபர்ஸ்ட் அவென்யூ: மினியாபொலிஸின் கறுப்புச் சுவர் கிளப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மினியாபொலிஸுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேரும் நம்மவர்கள், டவுன்டவுனில் நடக்கும்போது நட்சத்திரங்கள் வரைந்த அந்தக் கறுப்புக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கும்.

ஃபர்ஸ்ட் அவென்யூ என்பது தெருவா, கிளப்பா?

இரண்டும்தான். ஃபர்ஸ்ட் அவென்யூ நார்த் என்ற சாலையும் ஏழாவது தெருவும் சந்திக்கும் முனையில் இருப்பதால் கிளப்புக்கும் அந்தப் பெயர். 1970 முதல் அங்கே கச்சேரி நடக்கிறது. உள்ளே இரண்டு அரங்குகள். பெரியதை ‘மெயின்ரூம்’ என்பார்கள். ஏறக்குறைய 1,550 பேர் நிற்கலாம். சின்னதற்குப் பெயர் ‘செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி’, 250 பேர்தான். உள்ளூர்க்காரர்கள் இதை வெறும் ‘என்ட்ரி’ என்று சொல்வார்கள். இந்த ஊரின் இசையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தச் சின்ன அறையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

கட்டடத்தின் முனை ஏன் அப்படி வளைந்திருக்கிறது?

அது கிளப்புக்காகக் கட்டியது இல்லை. 1937-இல் கிரேஹவுண்ட் பஸ் கம்பெனிக்காகக் கட்டிய பஸ் நிலையம். அந்தக் காலத்தில் ஆர்ட் டெகோ பாணி பிரபலம். மூலையை வளைத்து, வழவழப்பான நீலச் செங்கல் பதித்து, உள்ளே பளபளக்கும் குரோம் வேலைப்பாடு செய்து, பொதுத் தொலைபேசி, குளியலறை, ஏர்கண்டிஷன் எல்லாம் வைத்துக் கட்டினார்கள். 1937-இல் பஸ் நிலையத்தில் ஏர்கண்டிஷன் என்றால் யோசித்துப் பாருங்கள். கட்டம் கட்டமாகப் போட்ட டெரஸோ தரை, அதாவது கல்துண்டுகள் பதித்து மெருகேற்றிய தரை, இன்றும் உள்ளே இருக்கிறது. கூட்டம் சேர்வதற்கு முன்னால் போனால் கீழே குனிந்து பாருங்கள். பெட்டி படுக்கையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் நின்ற தரையில்தான் இப்போது ஆடுகிறோம்.

1968-இல் கிரேஹவுண்ட் வேறு இடத்துக்குப் போனது. கட்டடம் காலியானது.

கிளப்பை யார் தொடங்கினார்கள்?

ஆலன் ஃபிங்கர்ஹட் என்ற உள்ளூர் இளைஞர். தபால் வழியாகப் பொருள் விற்ற ஃபிங்கர்ஹட் கம்பெனியின் குடும்பத்தைச் சேர்ந்தவர். பஸ் நிலையமாக இருந்த இடம் என்பதால் ‘த டிப்போ’ என்றே பெயர் வைத்து 1970 ஏப்ரல் 3 அன்று திறந்தார். முதல் கச்சேரி ஜோ காக்கருடையது. அப்போது அவர் ஒரு பெரிய பரிவாரத்தையே கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தார்.

தொடக்கம் அமர்க்களமாக இருந்தது, வரவு செலவு அப்படி இல்லை. அடுத்த ஆண்டே பணமில்லாமல் மூட வேண்டியதாயிற்று. 1972-இல் அமெரிக்கன் ஈவென்ட்ஸ் என்ற வெளியூர் நிறுவனம் வந்து ‘அங்கிள் சாம்ஸ்’ என்று பெயர் மாற்றி டிஸ்கோ ஆக்கியது. பல ஊர்களில் கிளை வைத்திருந்த சங்கிலிக் கடை அது. மேடையில் ஆள் இல்லை, இசைத்தட்டு சுழன்றது. டிஸ்கோ மோகம் வடிந்ததும், 1970-களின் கடைசியில் அந்த நிறுவனம் கையை உதறிவிட்டுப் போய்விட்டது. 1980-இல் பெயர் ‘சாம்ஸ்’ என்று சுருங்கியது. 1981 முடியும் இரவில், புத்தாண்டை வரவேற்றபடி, ‘ஃபர்ஸ்ட் அவென்யூ’ ஆனது.

அப்படியானால் இதை இன்று இருக்கிற இடமாக ஆக்கியது யார்?

ஸ்டீவ் மெக்லெலன், ஜாக் மேயர்ஸ் என்ற இரண்டு பேர். மெக்லெலன் டிஸ்கோ காலத்தில் அங்கே பாரில் வேலை பார்த்தவர். பிறகு மேலாளர் ஆனார். அவருடைய பள்ளிக்காலத் தோழர் மேயர்ஸ் கணக்கு வழக்கைப் பார்த்தார். வெளியூர் நிறுவனம் விலகியதும், இனி எந்த பேண்டைக் கூப்பிடுவது என்ற முடிவு இவர்கள் கைக்கு வந்தது.

மெக்லெலனுக்குப் பெரிய பெயர்களைவிடப் புதியவர்கள் மேல் ஆசை. பங்க், ஃபங்க், ரெகே, ஆப்பிரிக்க இசை என்று வித்தியாசம் பார்க்காமல் மேடை கொடுத்தார். கூட்டம் வராது என்று தெரிந்தும் சிலரைக் கூப்பிட்டார். இது வியாபாரத்துக்கு ஆகாத குணம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று முப்பது பேருக்கு முன்னால் வாசித்த பேண்டுகள் பிறகு உலகம் சுற்றும்போது, இந்த ஊருக்கு வந்தால் இங்கேதான் வாசிப்போம் என்று நின்றன. அந்த விசுவாசத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி என்ற சின்ன அறைக்கு என்ன விசேஷம்?

அதே கட்டடத்தில், ஏழாவது தெருப் பக்கம் தனி வாசல். 1980 மார்ச் 21 அன்று திறந்தது. உள்ளே போனால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தாழ்ந்த கூரை, கறுப்புச் சுவர், மேடை அதிக உயரமில்லை. முன் வரிசையில் நின்றால் கிடார் வாசிப்பவரின் வியர்வை உங்கள் மேல் தெறிக்கும். பேச நினைத்தால் பக்கத்தில் இருப்பவரின் காதருகே வாய் வைத்துக் கத்த வேண்டும்.

ஆனால் அந்த அறையில் வளர்ந்தவர்களைப் பாருங்கள். ஹஸ்கர் டூ குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தை 1981 ஆகஸ்டில் அங்கேதான் நேரடிக் கச்சேரியாகப் பதிவு செய்தார்கள். மூன்றே பேர், அசுர வேகம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மூச்சு விடக்கூட இடமில்லை. த ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு ஒரு நாள் அற்புதமாக வாசிக்கும், மறுநாள் மேடையில் நிற்கவே தடுமாறும். இரண்டையும் பார்க்க அதே கூட்டம் வரும். சோல் அசைலமும் அங்கே வளர்ந்த குழுதான். அமெரிக்காவின் மாற்று ராக் இசையில் பின்னால் நடந்த பலவற்றுக்கு இந்தக் குழுக்கள் விதை போட்டன.

இந்த ஏற்பாட்டின் அருமை என்னவென்றால், சின்ன அறையும் பெரிய அரங்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை இரவு என்ட்ரியில் நாற்பது பேருக்கு வாசிக்கிற பையன், சுவருக்கு அந்தப் பக்கம் ஆயிரத்து ஐந்நூறு பேர் கத்துவதைக் கேட்டபடி வாசிக்கிறான். ஓர் ஆண்டு கழித்து, மெயின்ரூமில் பெரிய குழுவுக்கு முன்னால் அரை மணி நேரம் வாசிக்கக் கூப்பிடுவார்கள். இன்னும் சில ஆண்டுகளில் மெயின்ரூம் அவனுடையதாகவே ஆகலாம். ஆண்டுத் தொடக்கத்தில் உள்ளூரின் புதிய குழுக்களை வரிசையாக மெயின்ரூமில் ஏற்றும் ஒரு நிகழ்ச்சியையும் கிளப் நடத்துகிறது. பெரிய அரங்கு மட்டும் வைத்திருக்கிற ஊரில் இந்த ஏணி கிடையாது. வெளியூரில் புகழ்பெற்றவர்கள் வந்து பாடிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

டிசம்பர் 8 அன்று அங்கே ஏதோ நடக்குமாமே?

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டது 1980 டிசம்பர் 8. அன்று இரவு செய்தி வந்தபோது, கர்ட்டிஸ் ஏ என்ற உள்ளூர்ப் பாடகர் லெனனின் பாடல்களைப் பாடினார். அப்படித் தொடங்கிய அஞ்சலி, ஆண்டுதோறும் அதே தேதியில் நடக்கும் வழக்கமாக நிலைத்து நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அப்பாவோடு வந்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கேள்விப்படாத நிகழ்ச்சி இது.

பிரின்ஸுக்கும் இந்தக் கிளப்புக்கும் என்ன உறவு?

உலகப் புகழ்பெற்ற பாடகர் பிரின்ஸ் பிறந்தது, வளர்ந்தது, கடைசி வரை வாழ்ந்தது எல்லாம் இந்த வட்டாரத்தில். 1981 மார்ச்சில், கிளப்புக்கு ‘சாம்ஸ்’ என்ற பெயர் இருந்தபோது, முதல் முறையாக இங்கே மேடை ஏறினார். அதன்பின் புதிய பாட்டு எழுதினால், அதைச் சோதித்துப் பார்க்க வருகிற இடமாக இதை வைத்துக்கொண்டார். பாட்டை டேப்பில் கொண்டுவந்து டிஜேயிடம் கொடுத்துப் போடச் சொல்லி, கூட்டம் ஆடுகிறதா என்று ஓரமாக நின்று பார்ப்பார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான இரவு 1983 ஆகஸ்ட் 3. மினசோட்டா டான்ஸ் தியேட்டர் என்ற நடனப் பள்ளிக்கு நிதி திரட்டும் கச்சேரி. பிரின்ஸின் குழுவினர் அந்தப் பள்ளியில் நடனம் கற்றுக்கொண்டிருந்தார்கள். டிக்கெட் 25 டாலர். அன்றைக்கு அது பெரிய தொகை. கோடை வெக்கை, நிரம்பி வழியும் கூட்டம். வெண்டி மெல்வாயின் என்ற பத்தொன்பது வயதுப் பெண் குழுவில் கிடார் கலைஞராக முதல் முறை மேடை ஏறினார். வெளியே ஒலிப்பதிவு லாரி ஒன்று நின்றிருந்தது.

கடைசியில், அதுவரை யாரும் கேட்டிராத ஒரு பாட்டை வெண்டி மெதுவாகத் தொடங்கினார். கூட்டம் அமைதியாக இருந்தது. தெரிந்த பாட்டு இல்லையே, எப்படிக் கூடவே பாடுவது? அதுதான் ‘பர்ப்பிள் ரெய்ன்’. அந்த இரவில் பதிவான வாசிப்பைத்தான், நீளத்தைக் குறைத்து, ஒரு சரணத்தை எடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் வயலின் செலோ சேர்த்து, ஆல்பத்தில் வெளியிட்டார்கள். அதே ஆல்பத்தில் இன்னும் இரண்டு பாடல்களுக்கும் அந்த இரவின் பதிவுதான் அடிப்படை. அடுத்த ஆண்டு வெளியான அந்த ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது.

இதை முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உலகம் முழுக்கக் கேட்ட அந்தக் குரல் ஏதோ விலை உயர்ந்த ஸ்டுடியோவில் பதிவானது என்று நினைத்திருப்போம். பழைய பஸ் நிலையத்தில், வியர்த்துக் கொட்டும் கூட்டத்துக்கு முன்னால், ஒரு நடனப் பள்ளிக்காகப் பாடியது அது. ஹெட்ஃபோன் போட்டு அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள். கூட்டத்தின் சத்தம் இருக்கும்.

படத்தில் வருகிற கிளப்பும் இதுதானா?

ஆமாம். 1984-இல் வெளியான ‘பர்ப்பிள் ரெய்ன்’ படத்தின் கிளப் காட்சிகள் இதே மெயின்ரூமில் எடுத்தவை. படத்திலும் கிளப்பின் பெயர் இதேதான். 1983-இன் கடைசி வாரங்களில் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டுப் படப்பிடிப்பு நடந்தது. ஆடுகிற கூட்டத்தில் நிறையப் பேர் உள்ளூர்க்காரர்கள். படம் வந்த பிறகு, வெளிநாட்டிலிருந்துகூட வந்து வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் வரத் தொடங்கினார்கள். இன்றும் வருகிறார்கள்.

அப்படியென்றால் கிளப் பிரின்ஸுக்குச் சொந்தமாக இருந்ததா?

இல்லை. ஒருபோதும் இல்லை. இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

1987-க்குப் பிறகு இருபது ஆண்டு அவர் இங்கே மேடை ஏறவே இல்லை. 2007 ஜூலை 7 அன்று ஒரே நாளில் ஊரில் மூன்று இடங்களில் பாடினார், மூன்றாவது இது. நள்ளிரவு தாண்டித் தொடங்கி விடிகாலை மூன்று மணியை நெருங்கும்போது, அனுமதி நேரம் முடிந்துவிட்டது என்று போலீஸ் நிறுத்தியது. இங்கே அவர் பாடியது அதுதான் கடைசி.

2016 ஏப்ரல் 21 அன்று அவர் இறந்த செய்தி வந்ததும், யாரும் அறிவிக்காமலே ஊர் இந்தக் கிளப் வாசலுக்கு வந்தது. தெருவை மூடினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் ஊதா உடையில் நின்று பாடினார்கள். உள்ளே விடிய விடிய அவர் பாட்டுகளைப் போட்டார்கள். துக்க வீட்டில் ஆடுவார்களா என்று நம்மூரில் யாரும் கேட்க மாட்டார்கள். பறையடித்து ஆடி அனுப்புகிற வழக்கம் நமக்கும் உண்டுதானே.

சுவரில் இருக்கிற நட்சத்திரங்கள் எதைக் குறிக்கின்றன?

இங்கே வாசித்துப் பெயர் பதித்தவர்களின் பெயர்கள். 400-க்கும் மேல் இருக்கின்றன. அரங்கு நிரம்ப டிக்கெட் விற்றவர்கள், அல்லது இந்த இடத்துக்கு வேறு வகையில் பெரிய பங்களிப்பு செய்தவர்கள். கறுப்புச் சுவரில் வெள்ளி நிறத்தில் வரிசையாக இருக்கும். உலகப் புகழ்பெற்றவருக்கும் ஊரைத் தாண்டித் தெரியாத குழுவுக்கும் ஒரே அளவு நட்சத்திரம்தான். இந்தச் சமத்துவம் எனக்குப் பிடிக்கும்.

ஒன்று மட்டும் தங்க நிறம். என்ட்ரி வாசலை ஒட்டி இருக்கும் பிரின்ஸின் நட்சத்திரம். அவர் இறந்த சில நாட்களில், ஓர் ஓவியர் யாரிடமும் சொல்லாமல் இரவோடு இரவாக வந்து அதற்குத் தங்கத் தகடு பதித்துவிட்டுப் போனார். கிளப் அதை அப்படியே வைத்துக்கொண்டது.

2004-இல் கிளப் திவாலானது என்கிறார்களே?

உண்மைதான். முதலில் தொடங்கிய ஆலன் ஃபிங்கர்ஹட் கிளப்பின் உரிமையாளராகத் தொடர்ந்தார். ஆனால் 2000-இல் கட்டடத்தை வாங்கியவர்கள் மெக்லெலன், மேயர்ஸ், அவர்களோடு நீண்ட காலம் நிதிப் பக்கத்தைக் கவனித்த பைரன் ஃபிராங்க் ஆகிய மூன்று பேர். ஆக, வீடு ஒருவருக்கு, வியாபாரம் இன்னொருவருக்கு. 2004-இல் உறவு முறிந்தது. இந்த மூவரையும் ஃபிங்கர்ஹட் வேலையிலிருந்து நீக்கினார். வாடகைத் தகராறு, கடன், வழக்கு என்று போய், நவம்பர் 2 அன்று கதவை மூடித் திவால் மனு போட்டார்கள். அன்றைக்குத்தான் அமெரிக்க அதிபர் தேர்தல். அந்த அமளியிலும் இந்த ஊரில் இதுதான் பேச்சு.

அதன்பின் நடந்தது வேகமாக நடந்தது. மூவரும் நீதிமன்றத்தின் வழியாகக் கிளப்பின் பெயரையும் உடைமைகளையும் வாங்கினார்கள். அப்போதைய மேயர் ஆர்.டி. ரைபக் காரியம் சீக்கிரம் முடிய உதவினார். இரண்டரை வாரத்தில், நவம்பர் 19 அன்று, மறுபடி திறந்தார்கள். மூடியிருந்த நாட்களில் வேலையாட்கள் வேறு இடம் தேடி ஓடாமல் காத்திருந்தார்கள் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒலி, ஒளி, வாசல், பார் எல்லாவற்றையும் கையில் வைத்திருப்பவர்கள் கலைந்து போயிருந்தால், பெயரை மட்டும் வாங்கி என்ன செய்வது?

மெக்லெலன் அடுத்த ஆண்டு விலகினார். ஃபிராங்கின் மகள் டேனா ஃபிராங்க் 2009-இல் பொறுப்பேற்றார். இன்றும் அவர்தான் நடத்துகிறார்.

கூரை இடிந்து விழுந்ததாமே, பாதுகாப்பானதா?

2015 ஆகஸ்டில் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது மெயின்ரூம் உட்கூரையின் ஒரு பகுதி விழுந்தது. மூன்று பேருக்குச் சிறு காயம். சில வாரங்கள் மூடிச் சரிசெய்து திறந்தார்கள். பயப்பட வேண்டியதில்லை.

கோவிட் காலத்தில் எப்படித் தப்பித்தது?

2020 மார்ச்சில் மூடினார்கள். ஏப்ரல் 3 அன்று கிளப்புக்கு ஐம்பது வயது; அந்தப் பொன்விழா நாளில் உள்ளே ஆள் இல்லை, விளக்கு இல்லை. கச்சேரி அரங்குகள் எல்லாத் தொழிலுக்கும் முன்னால் மூடி, எல்லாத் தொழிலுக்கும் பின்னால் திறந்தவை. வருமானம் குறையவில்லை, சுத்தமாக நின்றது. வாடகை, வரி, காப்பீடு நிற்கவில்லை.

நாடு முழுவதும் இருந்த தனியார் அரங்குகள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கின. அதற்கு முதல் தலைவர் டேனா ஃபிராங்க். மினசோட்டாவின் செனட்டர் ஏமி குளோபுச்சர் ஜனநாயகக் கட்சி, டெக்ஸாஸின் ஜான் கார்னின் குடியரசுக் கட்சி. இருவரும் சேர்ந்து மசோதா கொண்டுவந்தார்கள். அதிலிருந்து 2020 டிசம்பரில் 1,500 கோடி டாலர் நிவாரணம் சட்டமானது. பிறகு தொகை 1,600 கோடியைத் தாண்டியது. எத்தனையோ ஊர்களில் சின்ன அரங்குகள் இன்று திறந்திருப்பதற்கு இது ஒரு காரணம். 2021-இல் மெயின்ரூம் மறுபடி திறந்தது.

இந்த மாதிரி இடங்களுக்குக் காசு எங்கிருந்து வருகிறது?

டிக்கெட்டிலிருந்து என்று நினைத்தால் பாதிதான் சரி. பொதுவாக இந்தத் தொழிலில் குழுவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை உறுதி செய்வார்கள். விளம்பரம், ஒலி, ஆட்கூலி போன்ற செலவுகள் போக, மிஞ்சுவதில் பெரும் பங்கு குழுவுக்கே போகும். கூட்டம் வராவிட்டால் நஷ்டம் அரங்குக்கு. அந்த நஷ்டத்தைத் தாங்குவது பார் வருமானம்தான். அதனால்தான் வயது வரம்பில்லாத நிகழ்ச்சிகளை நடத்துவது அரங்குகளுக்குக் கஷ்டம். பதினாறு வயதுப் பிள்ளை பீர் வாங்காது.

பெரிய கார்ப்பரேட் நிறுவனங்கள் டிக்கெட் விற்பனை, அரங்கு, கலைஞரின் சுற்றுப்பயணம் மூன்றையும் ஒன்றாகக் கையில் வைத்திருக்கும் காலம் இது. தனி ஆள் நடத்தும் அரங்கு பேரம் பேசி நிற்க, கையில் வெவ்வேறு அளவுகளில் இடம் வேண்டும். அதனால் டேனா ஃபிராங்க் காலத்தில் செயின்ட் பால் நகரின் டர்ஃப் கிளப், ஃபிட்ஸ்ஜெரால்டு தியேட்டர், மினியாபொலிஸின் ஃபைன் லைன் ஆகியவையும் இவர்கள் கைக்கு வந்தன. செயின்ட் பாலின் பேலஸ் தியேட்டரை இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து நடத்துகிறார்கள். வளரும் குழு ஒன்று 250 பேரில் தொடங்கி 2,500 பேர் வரை இவர்களோடே ஏறிப் போகலாம். 2023-இல் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தபோது நிர்வாகம் சண்டையில்லாமல் ஏற்றுக்கொண்டது. நல்ல முடிவு.

கச்சேரிக்குப் போகும் இடமா, ஆடப் போகும் நைட் கிளப்பா?

பெரும்பாலான இரவுகளில் கச்சேரி. சில வார இறுதிகளில் டிஜே வைத்து ஆட்டம். தொடக்கத்திலிருந்தே இரண்டும் கலந்துதான். மெயின்ரூம் மேடைக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளைத் திரை இறங்கியிருக்கும். அதில் பாட்டுக் காட்சிகள் ஓடும், மக்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். நேரம் வந்ததும் திரை மெல்ல மேலே ஏறும். முதலில் கால்கள் தெரியும், அப்புறம் கிடார், அப்புறம் முகம். அந்தச் சில நொடிகளில் எழும் சத்தத்துக்காகவே போகலாம்.

வயது வரம்பு உண்டா?

நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். சிலவற்றுக்கு எல்லா வயதினரும் வரலாம், சிலவற்றுக்கு 18, சிலவற்றுக்கு 21. டிக்கெட் வாங்கும்போதே போட்டிருப்பார்கள். மது வாங்க 21 நிரம்பியிருக்க வேண்டும். அசல் அடையாள அட்டை அவசியம். இங்கே ஓட்டுநர் உரிமம் இல்லாதவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். போனில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள்.

குடிக்காதவர்கள் போகலாமா? பெண்கள் தனியாகப் போகலாமா?

தாராளமாக. தண்ணீர் பாட்டிலோடு மூன்று மணி நேரம் நிற்பவர்கள் எத்தனையோ பேர். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தனியாக வரும் பெண்களையும் எல்லா நிகழ்ச்சியிலும் பார்க்கலாம். யாராவது தொந்தரவு செய்தால் பொறுத்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள்.

எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும்?

மெயின்ரூமில் ஒலிக்கலவை செய்பவர் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால். அவர் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் கலவை அமையும். உயரம் குறைவானவர்கள் மாடிக்குப் போங்கள்; கீழே யார் தலையும் மறைக்காது, ஆனால் கைப்பிடி ஓரத்தில் இடம் பிடிக்கச் சீக்கிரம் போக வேண்டும். காதடைப்பான் கட்டாயம் வேண்டும். நான் வலியுறுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான். கெட்டுப்போன செவி திரும்ப வராது.

எப்படிப் போவது? குளிரில் கோட்டை என்ன செய்வது?

வேர்ஹவுஸ் டிஸ்ட்ரிக்ட் ரயில் நிறுத்தத்தில் இறங்கினால் இரண்டு தெரு நடை. விமான நிலையத்திலிருந்து புளூ லைன் நேராக வருகிறது. திரும்பும் கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே டார்கெட் சென்டர் இருக்கிறது. அங்கே கூடைப்பந்து ஆட்டம் இருந்தால் பார்க்கிங் விலை ஏறிவிடும். ஜனவரியில் வெளியே மைனஸ் இருபது, உள்ளே வியர்க்கும். கோட்டை வாசலில் ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பிடித்துக்கொண்டு நின்றால் கச்சேரியை ரசிக்க முடியாது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப் போகலாமா?

பெரும்பாலும் நின்றுதான் பார்க்க வேண்டும், சத்தமும் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். அவர்களை ஃபிட்ஸ்ஜெரால்டு தியேட்டருக்குக் கூட்டிப் போங்கள். 1910-இல் கட்டிய அழகான அரங்கு, உட்கார்ந்து கேட்கலாம். கறுப்புச் சுவரையும் நட்சத்திரங்களையும் பகலில் வெளியிலிருந்து காட்டினாலே போதும்.

ஊரில் ஒரே ஓர் இரவுதான் இருக்கிறேன். யாருடைய கச்சேரிக்குப் போவது?

மெயின்ரூமில் உங்களுக்குப் பிடித்தவர் வந்தால் யோசிக்காமல் போங்கள். இல்லையென்றால், பெயரே கேள்விப்படாத உள்ளூர்க் குழுக்கள் மூன்று நான்கு வரிசையாக வாசிக்கும் என்ட்ரி இரவைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட் விலை குறைவு. கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முதலில் வாசிக்கிற குழுவைத் தவறவிடாதீர்கள். பிடித்திருந்தால், அவர்கள் வாத்தியங்களை மூட்டை கட்டும்போது மேசையில் வைத்து விற்கும் டி-ஷர்ட்டையோ இசைத்தட்டையோ வாங்குங்கள். அந்தக் காசு பெரும்பாலும் நேராக அவர்கள் கைக்கே போகும்.